இன்னும் ஒரு சுத்து

மச்சான் மூடிய பாட்டிலை மச்சான்தான் வந்து திறக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் இது எழுதாத சட்டம். ஊறுகாய் பாட்டிலோ, தேங்காய் எண்ணெய் டப்பாவோ, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலோ, அவர் கை பட்டு மூடிவிட்டால் வேறு எவர் கைக்கும் அது அசையாது. லாத்தா, அதாவது என் அக்கா, கல்யாணமான புதிதில் சுடுதண்ணீரில் முக்கிப் பார்ப்பாள், துணியைச் சுற்றித் திருகிப் பார்ப்பாள், கதவு இடுக்கில் கொடுத்துக்கூடப் பார்ப்பாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மச்சான் வேலைக்குக் கிளம்பும் முன்னால் அன்றைய சமையலுக்கு வேண்டிய டப்பாக்களை எல்லாம் எடுத்து வைத்து அவரையே திறக்கச் சொல்லிவிடுவாள். அவரும் முகம் சுளிக்காமல் திறந்து வைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றியதும் அவர் செய்கிற முதல் வேலை அவற்றை மூடுவது.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அக்கா புருஷனைப் பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மகளை உல்லாஸ்நகரில் கட்டிக்கொடுத்த பிறகு லாத்தாவும் அவரும் அங்கேயே குடிபோய்விட்டார்கள். அங்கே ஒரு கேட்டரிங்காரரிடம் பிரியாணிக்குத் தம் போடுகிறாராம். செம்பூரில் என் கடையில் இப்போது எல்லா மூடியும் சுலபமாகத் திறக்கிறது. அதனால் எனக்கு நிம்மதியா என்று கேட்டால், நிம்மதிதான். ஆனால் அந்த மனுஷன் எனக்கு ஏற்றிவிட்ட எரிச்சல் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதை இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஆள் பார்வைக்கு ஒன்றுமில்லை. ஒல்லி. சட்டைக் காலர் எப்போதும் கழுத்துக்குப் பெரிதாக இருக்கும். அந்தச் சட்டையின் மேல் பட்டனையும் போட்டிருப்பார், மே மாத வெயிலிலும். பேச்சு ரொம்பக் குறைவு. பேசினாலும் முக்கால்வாசி நேரம் ஒரே வாக்கியம்தான். நாம் ஒன்றை முறுக்கி, போதும் என்று கையை எடுப்போம். அவர் பக்கத்தில் வந்து நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"இன்னும் ஒரு சுத்து இருக்கு மாப்ளே."

இருக்காது. எனக்குத் தெரியும். ஆனால் அவர் கைக்கு இருக்கும். அந்த ஒரு சுத்தில் அவர்கள் அப்போதிருந்த தாராவி வீட்டுக் குழாயின் வாஷர் எத்தனை முறை போனது என்று லாத்தாவுக்கே கணக்கில்லை. குழாய் சொட்டுகிறது என்று அவர் இறுக்குவார், இறுக்கியதால் வாஷர் நசுங்கும், நசுங்கியதால் இன்னும் சொட்டும், சொட்டுவதால் இன்னும் இறுக்குவார். கடைசியில் குழாய் மரை தேய்ந்து கையோடு வரும். பிளம்பர் வந்து தலையில் அடித்துக்கொண்டு, "பாய்ஜான், நல் ஹை, துஷ்மன் நஹி" என்பான். குழாயை எதிரி மாதிரி நடத்தாதே என்று அவன் சொல்வதை மச்சான் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். அவன் புதுக் குழாய் மாட்டிவிட்டுத் தெருமுனை தாண்டியதும் போய் ஒரு சுத்து சுற்றிவிட்டு வருவார்.

ஒரு மழைக்காலத்தில் நாங்கள் இருவரும் செம்பூரில் வடாலா போகிற ரயில் ஏறினோம். சாரல் அடிக்கிறது என்று மச்சான் ஜன்னல் ஷட்டரை இறக்கினார். இறக்கியவர், வழக்கம்போல, கடைசியில் ஓர் அமுக்கு அமுக்கினார். குர்லாவில் கூட்டம் ஏறியது. மூச்சு முட்டியது. மழையும் நின்றுவிட்டது. ஷட்டரைத் தூக்க ஆள் மாற்றி ஆள் முயன்று பார்த்தார்கள். அது ஏறவில்லை. எல்லாரும் ஹிந்தியிலும் மராத்தியிலும் ரயில்வேயைத் திட்டினார்கள். மச்சான் வாயைத் திறக்கவில்லை. இறங்கிய பிறகு என்னிடம் மட்டும், "சாரல் உள்ள வரலல்லா?" என்று கேட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். கடை விஷயம் அப்படி இல்லை.

தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வேலையை விட்டுவிட்டு, செம்பூரில் ஒரு பழைய ஹவுசிங் சொசைட்டிக் கட்டிடத்தின் கீழ்த் தளத்தில் நான் கடை போட்டேன். கரியில் சுட்ட கோழி, சுட்ட மீன். அந்தத் தெருவில் பரோட்டாக் கடை, தோசைக் கடை, சைனீஸ் வண்டி எல்லாம் ஏற்கெனவே இருந்தன. கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு நானும் ஒரு கடை போட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் கரியில் சுட்டது அங்கே யாரிடமும் இல்லை. அதனால் கரி அடுப்பு இருந்தால் எனக்குக் கடை உண்டு, இல்லையென்றால் திரும்பவும் தோல் பட்டறைதான்.

அடுப்பு பாந்த்ரா பக்கம் மூடிவிட்ட ஓர் ஓட்டலில் இருந்து பழசாக வந்தது. பீங்கான் அடுப்பு. பெரிய தண்ணீர்ப் பானையை இடுப்பில் இரண்டாக அறுத்து, மேல் பாதியைக் கீல் போட்டுத் திறந்து மூடும்படி வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. கீழே காற்று நுழைய ஒரு வாய், மேலே புகை போக ஒரு வாய். மேல் வாய்க்கு நேராகத் தகரக் கூம்பு வைத்து, குழாய் போட்டு, புகையை மொட்டைமாடிக்கு மேலே அனுப்பியிருந்தேன். இரண்டு பாதியும் சேருகிற விளிம்பைச் சுற்றிக் கம்பளி மாதிரி ஒரு நாடா ஒட்டியிருக்கும். அதுதான் கேஸ்கெட். ஒவ்வொரு பாதியையும் ஓர் இரும்புப் பட்டை பெல்ட் மாதிரி சுற்றிப் பிடித்திருக்கும், பட்டைக்கு ஒரு போல்ட்டு. கீல் அந்தப் பட்டைகளில்தான் மாட்டியிருக்கும். இவ்வளவுதான் சமாச்சாரம். கேஸ்கெட் நன்றாக இருந்தால் கோழி பஞ்சு மாதிரி வேகும், புகை குழாய் வழியாக ஒழுங்காகப் போகும். கேஸ்கெட் போனால் புகை இடுப்பு வழியாகக் கசிந்து நேராக மேல் மாடிக்கு ஏறும்.

கேஸ்கெட் போய்த்தான் இருந்தது. ஓட்டல்காரன் அதைச் சொல்லவில்லை.

மேல் மாடியில் இருந்தவர் சொசைட்டி செகரெட்டரி. செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த மாமி. ஆபீஸில் பெரிய வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சண்டைக்காரி என்று நினைத்துக்கொண்டு நான் பயந்தேன், ஆனால் அவர் நிதானமாகத்தான் பேசினார். அது சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"இங்க பாருப்பா, உன் கோழிய நான் ஒண்ணும் சொல்லலை. நீ என்ன வேணா சுடு, உன் தொழில். ஆனா பால்கனில உலர்த்தற புடவையெல்லாம் புகை வாசனை அடிக்கறது. அதக் கட்டிண்டு நான் கோவிலுக்குப் போக முடியுமா, சொல்லு."

சரி பண்ணிவிடுகிறேன் என்றேன்.

மச்சான் அப்போது என்னோடு கடையில் இருந்தார். லாத்தாதான் சேர்த்துவிட்டாள். அதற்கு முன்னால் தாராவி, கோவண்டி கல்யாண வீடுகளில் சமையல் செய்கிற பண்டாரிகளுக்குப் பின்னால் தேக்ஸா என்கிற பிரியாணி அண்டாவைச் சுமந்துகொண்டு திரிந்தார். பிரியாணியில் அவர் வேலை கடைசியில்தான் வரும். அரிசியும் கறியும் சேர்ந்த பிறகு, தேக்ஸாவின் வாயில் மைதா மாவைக் கயிறு மாதிரி திரித்து ஒட்டி, மூடியை வைத்து அழுத்தி, மேலே கங்கு போட்டு தம் கட்டுவது. மச்சான் தம் கட்டிய தேக்ஸாவில் இருந்து ஆவி ஒரு இழை வெளியே வராது என்று பண்டாரிகள் சொல்வார்கள். மாவை உடைக்கச் சில சமயம் சுத்தியல் தேடுவார்களாம். அந்த ஒரு வேலைக்காகத்தான் அவரைக் கூப்பிடுவார்கள்.

அதனால் என் அடுப்பில் புகை கசிகிறது என்றதும் அவர் யோசிக்கவே இல்லை. மறுநாள் நான் கடைக்கு வருவதற்குள் மைதா பிசைந்து, அடுப்பின் இடுப்பைச் சுற்றிக் கயிறு திரித்து ஒட்டியிருந்தார். உள்ளே கோழிகள் இருந்தன.

"என்ன மச்சான் இது?"

"தம்."

"மச்சான், இது தேக்ஸா இல்ல. நடுவுல தொறந்து கோழியப் பெரட்டணும். எப்பிடித் தொறப்பீங்க?"

"ஒரு பொட்டுப் புகை வருதா பாரு மாப்ளே."

வரவில்லை. அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது. மேலே மாமி பால்கனியில் வந்து எட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஆர்டர் கொடுத்தவர்கள் வாசலில் நின்றார்கள். மாவு வெந்து ஓடு மாதிரி ஆகிவிட்டது. கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி உடைத்து மூடியைத் தூக்கினால், மாவோடு சேர்ந்து கேஸ்கெட்டும் கம்பளித் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது. கொஞ்சநஞ்சம் இருந்ததும் போயிற்று. கோழிகள் ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வெளிறி இருந்தன. மச்சான் அந்த மாவுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருந்த கம்பளியை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"எப்பிடிப் பிடிச்சிருக்கு பாத்தியா?" என்றார். பெருமையாகவே சொன்னார்.

வேறு எவனாவது இருந்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பியிருப்பேன். அக்கா புருஷனை என்ன செய்வது? அவரை ஏசினால் அந்த ஏச்சு அக்காவுக்குத்தான் போய்ச் சேரும். சாயங்காலம் லாத்தா வீட்டுக்குப் போய்ச் சுற்றி வளைத்துப் புலம்பினேன். லாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏல, அவுகள ஒண்ணும் சொல்லிராத. மனசுல வச்சுக்கிடுவாக. ஆனா வெளிய காட்ட மாட்டாக" என்றாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவரோடு குடும்பம் நடத்துகிறவள். அவர் எதற்காவது வருத்தப்பட்டாரா, சந்தோஷப்பட்டாரா என்று அவளுக்கே தெரியாது. அவர் வாயையும் அப்படித்தான் மூடி வைத்திருந்தார்.

அடுத்து, குர்லாவில் பாய்லர் சாமான் விற்கிற கடையில் சூடு தாங்குகிற கயிறு வாங்கி வந்தேன். அதைக் கேஸ்கெட்டுக்குப் பதிலாக ஒட்டலாம் என்றார்கள். கயிறு கொஞ்சம் தளர்வாக இருந்தது. இதைக் கேட்ட லாத்தா, "குக்கர் கேஸ்கெட் லூஸானா நாம என்ன செய்வோம்? ஃபிரீஸர்ல வைப்போம்லா" என்று கயிற்றை வாங்கி ஃபிரீஸரில் வைத்துவிட்டாள். மச்சானும் அதுதான் சரி என்றார். எனக்கும் அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் எடுத்தபோது கயிறு ஈரத்தைக் குடித்து, நெய்மீன் வாசனையோடு இருந்தது. ஒட்டுப் பசை அதில் பிடிக்கவில்லை. எப்படியோ ஒட்டி மூடியை இறக்கினால் முன்பக்கம் ஒரு விரல் தூக்கிக்கொண்டு நின்றது.

மச்சான் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பானாவை எடுத்தார். பம்பாயில் எங்கள் ஆட்கள் ஸ்பேனரைப் பானா என்றுதான் சொல்வோம். மூடியைப் பிடித்திருக்கிற பட்டையின் போல்ட்டில் அதை மாட்டினார்.

"பஸ் மச்சான், போதும். இது பீங்கான். இறுக்குனா வெடிக்கும்."

"வெடிக்காது. இன்னும் ஒரு சுத்து இருக்கு."

நான் பானாவைப் பிடுங்கினேன். அவர் அதிகம் எதிர்க்கவில்லை. ஆனால் அன்று முழுக்க, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த போல்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

இதற்கு நடுவே பார்சல் தொல்லை. புதினாச் சட்னியைப் பிளாஸ்டிக் பையில் கட்டுவது அவர் வேலை. அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாது, கத்தரிக்கோல்தான் வேண்டும். கத்தரித்தால் சட்னி சட்டையில் தெறிக்கும். எங்கள் கடைக்கு வந்த ரிவ்யூக்களில் ஒருவர், கோழி பிரமாதம், அடுத்த முறை பார்சலைத் திறக்கவும் ஒரு ஆளை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அதை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். "கொட்டுச்சுன்னு யாரும் எழுதலல்லா?" என்றார். இந்த மனுஷனிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கயிறு வைத்த பிறகு புகை முன்னைவிட மோசமாகக் கசிந்தது. மாமி மறுபடியும் கீழே இறங்கி வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"கமிட்டில பேசியாச்சுப்பா. ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேர் வந்து பாக்கறோம். நீ அடுப்பைப் பத்த வை, எப்பவும் போல சமை. புகை வந்தா, கரி அடுப்பு கிடையாது. கேஸ் வச்சுக்கோ. வரலைன்னா நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன்."

"ஒரு வாரம் தள்ளி வைக்கக் கூடாதா மாமி?"

"எத்தனை வாரம் தள்ளியாச்சு? அவா எல்லாரும் ஒண்ணா கிடைக்கறதே கஷ்டம். ஞாயித்துக்கிழமைதான்."

நல்லவேளையாக, ஆன்லைனில் சொல்லி வைத்திருந்த சரியான கேஸ்கெட் வியாழக்கிழமை வந்தது. அந்த அடுப்புக்கென்றே செய்தது, பின்னால் பசையோடு. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பழைய பசையை முழுக்கச் சுரண்டி, விளிம்பை ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, நாடாவை இழுக்காமல் சும்மா படுக்கவைத்து ஒட்டினேன். இழுத்து ஒட்டினால் சூட்டில் சுருங்கி இடைவெளி விடுமாம். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க மூடியை மெதுவாக மூடி வைத்திருக்க வேண்டும். நான் இதையெல்லாம் செய்யும்போது மச்சான் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"இத இழுத்து ஒட்டு மாப்ளே. தொளதொளன்னு கெடக்கு."

"இழுக்கக் கூடாது மச்சான்."

"லூஸா இருக்கே."

"அப்பிடித்தான் இருக்கணும். மச்சான், ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். இதுல மட்டும் கை வைக்காதீங்க. ஞாயித்துக்கிழம முடியட்டும், அப்புறம் என்னையக்கூட இறுக்கிக்கிடுங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினார். இருந்தாலும் நம்பாமல் பானாவை என் பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டேன்.

சனிக்கிழமை சின்ன நெருப்புப் போட்டுப் பார்த்தேன். விளிம்பில் காகிதத் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் காகிதம் பிடித்துக்கொண்டு நின்றது. புகை ஒரு இழைகூட இல்லை. எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போலிருந்தது. மச்சானும் தன் பங்குக்கு ஒரு காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். முன்பக்கம் ஓர் இடத்தில் அது கொஞ்சம் வழுகுவதாக அவருக்குப் பட்டது. எனக்குப் படவில்லை. அவர் தலையை மட்டும் சாய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கோழி எடுக்கக் கோவண்டி போயிருந்தேன். திரும்பி வரும்போது கமிட்டிக்காரர்கள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மச்சான் அடுப்பைப் பற்றவைத்துச் சூடேற்றியிருந்தார். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது. அடுப்பின் முன்பக்கம், மூடியின் மேல் மடித்த கோணிச் சாக்கைப் போட்டு, அதன் மேல் முழங்கையை ஊன்றி, டீக்கடை பெஞ்சில் சாய்கிற மாதிரி சாய்ந்து நின்றார். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், இவர் பாட்டுக்குச் சாய்ந்து நிற்கிறார்.

"மச்சான், கோழி. மூடியத் தொறங்க."

ஒரு கணம் கையை எடுத்து, மூடியைத் தூக்கி, நான் கோழியை உள்ளே வைத்ததும் இறக்கி, திரும்பவும் அதே இடத்தில் சாய்ந்துகொண்டார். "பெரட்ட வேண்டாம் மாப்ளே, கம்பிய ஒசத்தி வச்சிருக்கேன், தானா வேகும்" என்றார்.

"சேர் எடுத்துப் போடுங்க மச்சான்."

அசையவில்லை. கேட்காத மாதிரி தெருவைப் பார்த்தார். நானே ஓடிப்போய் நாலு சேர் எடுத்து வந்து போட்டேன். தண்ணீர் கொண்டுவாங்க என்றேன். அதற்கும் அசையவில்லை. நானே கொண்டு வந்து கொடுத்தேன். என் முகம் எப்படி இருந்ததோ, மாமி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அவருக்கு என்ன? ஏன் இப்படிச் சாஞ்சிண்டே நிக்கறார்?"

"முதுகு வலி மாமி" என்றார் மச்சான்.

முதுகு வலியாம்! நான் பல்லைக் கடித்தேன். அதைவிட ஆச்சரியம், அன்றைக்கு அவர் பேசினார். ஆயுசில் பேசாதவர், கமிட்டியில் ஒரு ரிட்டையர் ஆன இன்ஜினியர் சூட்டுமானியைப் பற்றிக் கேட்டதற்கு, தேக்ஸாவில் இருந்து தொடங்கி, கல்யாண வீட்டுப் பிரியாணி, கரியில் எது நல்லது எது பொக்கு என்பது வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். நெற்றியில் வேர்த்து ஊற்றியது. சட்டையின் மேல் பட்டன் போட்டபடியே இருந்தது. நடுவில் சாக்கு பொசுங்குகிற வாடை வந்தது. கரியில் ஏதோ கயிற்றுத் துண்டு கிடந்திருக்கும் என்று நினைத்தேன்.

மாமி எழுந்து மேலே போனார். பால்கனியில் நின்று மூக்கை உறிஞ்சுவது கீழே வரைக்கும் கேட்டது. அங்கே ரொம்ப நேரம் நின்றார். அவர் எதற்காக இவ்வளவு நேரம் நிற்கிறார், வேண்டுமென்றே ஏதாவது கண்டுபிடிக்கப் பார்க்கிறாரா என்று மனசுக்குள் திட்டினேன். பிறகு இறங்கி வந்தார்.

"புகை இல்லை. வாசனை மட்டும் வரது."

"வாசனைய நான் என்ன பண்ண முடியும் மாமி?"

"அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை" என்று சொல்லி முதல் முறையாகச் சிரித்தார். "சரிப்பா. வச்சுக்கோ உன் அடுப்பை. நன்னா பண்ணிருக்கே."

அவர்கள் படியேறி, கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் பொறுத்தேன். பிறகு திரும்பினேன். அக்கா புருஷன், மரியாதை, எல்லாம் அந்த நிமிஷத்தில் பறந்துவிட்டது.

"ஒங்களுக்கு என்ன மச்சான் நெனப்பு? கட நிக்குமா போவுமான்னு நான் செத்துக்கிட்டு இருக்கேன். ஒரு சேர் எடுத்துப் போட ஒங்களுக்கு முடியல. துரை மாதிரி சாஞ்சுக்கிட்டு நிக்கீங்க!"

அவர் இன்னும் சாய்ந்துதான் நின்றார்.

"கீழ் வாய மூடு மாப்ளே. மேல் வாயையும் மூடு" என்றார் மெதுவாக. "நெருப்பு அமரட்டும். சத்தம் போடாத, மாமிக்குக் கேக்கும்."

"என்ன ஆச்சு?"

முழங்கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். மூடியின் முன்பக்கம் ஒரு விரல் எழும்பியது. அந்த இடைவெளியில் புகை நூல் மாதிரி வெளியே வந்தது. திரும்பவும் அமுக்கிக்கொண்டார். புகை நின்றது. அப்போதுதான் மூடியைச் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்தேன். போல்ட்டு இருந்த இடம் காலியாக இருந்தது. பட்டை வாயைப் பிளந்துகொண்டு நிற்க, பிடி விட்ட மூடி கீலில் சரிந்திருந்தது.

அவர் இன்னொரு கையால் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் காட்டினார். இரண்டு துண்டாக முறிந்த போல்ட்டு. பக்கத்து பைக் மெக்கானிக்கிடம் பானா இரவல் வாங்கியிருக்கிறார். அடுப்பு சூடேறிய பிறகு, கடைசியாக ஒரே ஒரு சுத்து.

"ஏன் மச்சான் சொல்லல? நான் வந்தப்பவே சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீ அவுங்கள நாளைக்கு வாங்கன்னு சொல்லுவ. அவுங்க நாளைக்கு வர மாட்டாங்க மாப்ளே."

அது உண்மைதான். அதனால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

வாய்களை மூடினேன். இன்னொரு சாக்கை மடித்து அவர் இடத்தில் நான் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பின்பக்கம் குழாயடிக்குப் போனார். சாக்கைத் தாண்டிச் சூடு என் கைக்கு ஏற ஆரம்பித்ததும்தான், அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது எனக்கு உறைத்தது. இன்ஜினியர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும், மாமி பால்கனியில் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் ஞாபகம் வந்தது. நெருப்பு அமர்ந்து புகை நிற்கிற வரைக்கும் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

பிறகு பின்னால் ஓடினேன். மச்சான் குழாய்க்கு அடியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை தோல் சிவந்து, அங்கங்கே நீர் கோத்துக் கொப்புளித்திருந்தது. அமுக்குவதற்குக் கை மாற்றியிருக்கிறார் போல, இன்னொரு கையின் விரல் நுனிகளும் வெந்திருந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த முகத்தை லாத்தா எப்படி இருபது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. அக்கா புருஷனிடம் இரண்டையும் செய்ய முடியாது.

"டாக்டர்ட்ட போவோம் மச்சான். எந்திங்க."

"போவோம். மொதல்ல இந்தக் கொழாய மூடு. எனக்கு வெரலு மடங்கல."

நான் குனிந்து குழாயை மூடினேன். தண்ணீர் நின்றது. நிமிர்ந்தேன். ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு மச்சான் அதையே பார்த்தார். தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

"இன்னும் ஒரு சுத்து இருக்கு மாப்ளே."

அந்தக் குழாய்க்கு வாஷர் மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, இன்னும் ஒரு சுத்து சுற்றினேன்.